அந்தக் கடைசி பூஜ்ஜியம்

அன்புள்ள சேகர்,

உன் மகளுக்கு வேலை கிடைத்தது கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அல்சூரில் நாங்கள் நலம், சுமதிக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒரு பெண் "இருப்பதிலேயே பெரிய பகா எண் எது அங்கிள்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிடே நிரூபித்துவிட்டார், அதனால் தெரிந்ததில் பெரியது என்றுதான் சொல்ல முடியும். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்பவர் கண்டுபிடித்தது: 2-இன் அடுக்கு 13,62,79,841, அதில் 1 கழித்தால் வருவது. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். ஆனால் கடைசி இலக்கம் 1 என்று நீயும் நானும் இப்போதே சொல்லிவிடலாம். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே மாறி மாறி முடியும், அந்த அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1, ஆக 2-இல் முடியும், ஒன்றைக் கழித்தால் 1.

இத்தனை பெரிய எண் பகா எண்தான் என்று எப்படித் தெரியும்? எனக்கு அதன் பருமனைவிட இதுதான் பெரிய விஷயம். இப்படி 2-இன் அடுக்கில் 1 கழித்து வரும் எண்களுக்கென்றே லூக்கா-லெமர் சோதனை என்று ஒன்று இருக்கிறது. 4-இல் தொடங்கு, வர்க்கப்படுத்து, 2 கழி, நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள், திரும்பவும் அதையே செய். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்து முடிக்கும்போது மீதி பூஜ்ஜியம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். அடுக்கு 7 என்றால் எண் 127, போட்டுப் பார்: 4, 14, 67, 42, 111, அப்புறம் 0! அடுக்கு 11 என்றால் எண் 2047, அங்கே கடைசியில் 1736 நிற்கும். 2047 என்பது 23 × 89 தானே.

இதில் இன்னொன்று. அடுக்கு 67-க்கான எண் பகா எண் இல்லை என்று லூக்கா 1876-லேயே காட்டிவிட்டார், ஆனால் அதன் காரணிகள் அவருக்குத் தெரியாது. 1903-இல்தான் கோல் என்பவர் 19,37,07,721-ஐயும் இன்னொரு 12 இலக்க எண்ணையும் பெருக்கிக் காட்டினார். உடைபடும் என்று தெரிந்தும் எங்கே உடைபடும் என்று தெரியாமலே 27 வருஷம் இருந்திருக்கிறது, பார்!

சரி, அடுக்கு 13-ஐ உன் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார், எண் 8191, 11 தடவை செய்ய வேண்டும். தசரா விடுமுறைக்குத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
முரளி