பெயரைக் கண்டெடுத்துத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

இரண்டாம் உலக யுத்தத்தில், 1944 மே மாதம், வடகிழக்கு இந்தியாவின் கொஹிமாவில் உயிர்விட்ட இந்தியப் படைச் சிப்பாயான தம்பிக்கு, அவர் பிறந்த தோட்டத்திலேயே நினைவுக்கல் நாட்டியாகிவிட்டது. மாரியம்மன் கோயிலுக்குக் கீழே, பழைய பத்துக் காம்பரா லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) பார்த்தபடி நிற்கிறது. காசாகவும் சாமானாகவும் உடம்பு வேலையாகவும் கொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. கல்லுக்கு முன்னால் வந்து நின்று வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது அவருடைய அண்ணன் வழிப் பேரப்பிள்ளைகளின் ஆசை.

முதல் நன்றி, யுத்தப் பதக்கத்தைத் தகரப் பெட்டியில் பழந்துணிக்குள் சுற்றி வைத்திருந்த பாட்டிக்கு. அதைவிட, அதைப் புளி போட்டு விளக்காமல் விட்டதற்கு. அந்த யுத்தத்தில் பிரித்தானியப் படையினருக்குப் போன பதக்கங்களில் பெயர் கிடையாது. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் படை எண்ணும் பெயரும் விளிம்பில் பதிக்கப்பட்டன. எழுத்து மிகவும் மேலாகப் பதிந்திருப்பதால் புளியோ பொலிஷோ போட்டுப் பத்து வருஷம் தேய்த்தால் எண் போய்விடும். பதக்கம் வைத்திருக்கும் மற்றக் குடும்பங்களும் இதைக் கவனியுங்கள். பளபளப்பு வேண்டாம். வாசிப்பதற்கு, இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பன்னிரண்டு படம் எடுத்தால் போதும். நேரே அடித்த வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

அந்த எண்ணைக் கொண்டு அவரைத் தேடிப் பிடித்த ஆசிரியை அக்காவுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. 1917இல் தொடங்கிய, இன்று பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு எனப்படும் அமைப்பின் பட்டியலில் அவருடைய பெயரைப் போட்டுத் தேடியவர்களுக்கு முன்பு ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம், நம்முடைய ‘ழ’. அந்தக் காலத்துப் படைக் கிளார்க்குமார் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஒருவர் ‘ல’ என்றும் இன்னொருவர் ‘ய’ என்றும் போட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். தகப்பன் பெயர் சில இடத்தில் முன்னால் வரும், சில இடத்தில் குடும்பப் பெயர்போல் பின்னால் நிற்கும். ஆகவே பெயரை விட்டுவிட்டு, இந்தியப் படை, படைப்பிரிவு, இறந்த வருடம் என்று வடிகட்டி, மேலதிகக் குறிப்பில் திருச்சி மாவட்டத்தைத் தேட வேண்டும். வருகிற பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குப் பிடிபடும். கடைசியில் படை எண் பொருந்தினால்தான் அது நம்முடைய ஆள். பெயர் மட்டும் பொருந்தினால் போதாது.

அவருடைய பெயர் கொஹிமா போர் மயானத்தின் மேல் தட்டில் உள்ள தகன நினைவிடத்தில் இருக்கிறது. மதப்படி எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கியப் படையினரின் பெயர்கள் அங்கே உள்ளன. இம்பாலில் இதேபோல் 868 பேர். எரித்த உடம்புக்குத் தனிக் கல்லறை இல்லை, அதனால் போய்ப் பூப்போட ஒரு இடம் குடும்பத்துக்கு இல்லாமலே போயிற்று. இங்கே கல் வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

பட்டியலில் ‘ழ’ இன்னும் ‘ல’வாகவே நிற்கிறது. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியைத் தேடித் தந்த பதிவக ஐயாவுக்கும், பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) பக்கத்தைப் படம் எடுக்க விட்ட தோட்டக் காரியாலயத்தாருக்கும் நன்றி. எழுத்து ஆதாரம் இருந்தால் ஆணைக்குழு திருத்தத்தைப் பரிசீலிக்கும். குடும்பத்தாரின் ஞாபகத்தை மட்டும் எழுதி அனுப்பினால் போதாது.

தம்பி என்று நாங்கள் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. தாயோடு தலைமன்னாரில் கப்பலேறித் திருச்சி மாவட்டத்து முசிறிப் பக்கம் போனவர், அங்கிருந்துதான் இந்தியப் படையின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பெங்களூரில் தலைமையகம் கொண்ட அந்தப் படையின் சிப்பாய்களுக்கு இன்றைக்கும் ‘தம்பி’ என்றுதான் செல்லப் பெயர். பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது, மழையில் சரிந்த ரோட்டைத் திரும்பக் கட்டுவது அவர்கள் வேலை. அதே 1944இல், பெப்ரவரி 24ஆம் திகதி, இத்தாலியின் மிக்னானோவில் தன் ஆட்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மேல் விழுந்து இறந்த சுபேதார் சுப்பிரமணியனும் இந்தப் படைதான். ஜோர்ஜ் சிலுவை என்ற பிரித்தானிய வீர விருதைப் பெற்றவர் அவர். இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு விளங்கச் சொன்ன ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஐயா, பலகங்களைப் பொருத்திக் கட்டும் பெய்லி பாலத்தின் ஒரு பலகத்தைத் தரையில் சோக்கட்டியால் கீறியே காட்டினார்: 10 அடி நீளம், 570 இறாத்தல் (ஏறக்குறைய 260 கிலோ), தூக்க ஆறு பேர். கொஹிமாவும் ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்து மலையூர். நம்முடையதைப் போல் மழையும் மூடுபனியும் செங்குத்துச் சரிவும் உள்ள இடம்.

இனி கல்லின் கதை. 3 அடி 9 அங்குல உயரம், ஒன்றரை அடி அகலம், 4 அங்குலக் கனம். இந்தக் கருங்கல் 140 கிலோவுக்குக் குறையாது. லொறி வர முடியாத கடைசி இருநூறு யார் (கெஜம்) தூரத்தை ஆறு இளைஞர்கள் யூக்கலிப்டஸ் கம்பில் கட்டித் தூக்கினார்கள். அந்தப் பாலப் பலகம் இதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம் என்று தெரிந்த பிறகு ஒருவரும் நடுவில் இறக்கி வைக்கக் கேட்கவில்லை.

மாத்தளைப் பக்கத்துக் கல்தச்சர் ஐயா ஒரு துண்டுக் கல்லில் முதலில் வெட்டிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. நம்முடைய கல்லுக்குப் பொடி (கல்லின் மணி) பெரிது. எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் ண, ழ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் கல் பெயர்ந்து குழியாகிவிடுகிறது. எந்த எழுத்துக்காக இவ்வளவு தூரம் தேடினோமோ அதுவே கெட்டுவிடும். ஆகவே எழுத்தை ஒன்றேகால் அங்குலமாக்கி, ஆழத்தை 3 மில்லிமீற்றர் வைத்து, ஒன்பது வரியை ஐந்தாகக் குறைத்தார்: பெயர், தகப்பன் பெயர், பிறந்த தோட்டம், படை, இறந்த இடமும் வருடமும். கவிதை வரி போகவேண்டியதாயிற்று. அதை எழுதித் தந்த இளைஞர் மனம் கோணாமல் ஒப்புக்கொண்டார், அவருக்குத் தனியாக நன்றி. பெயின்டால் மட்டும் எழுதியிருந்தால் இரண்டு மழைக்காலம் தாங்காது.

மேசன்மார் இருவரும் பெப்ரவரியில் வேலையை முடித்தார்கள். மே கடைசியில் பெருமழை இறங்கினால் சரிவில் வெட்டிய குழி ஒரு பக்கம் சரியும். 3 அடிக்கு 2 அடி குழியில் அடியில் அரையடி மெட்டல் (உடைத்த கருங்கல்) கெட்டித்து, அதற்கு மேல் ஒன்றரை அடி கொங்கிறீட். ஒரு பெட்டி சீமெந்துக்கு இரண்டு பெட்டி மணல், நாலு பெட்டி முக்கால் அங்குல மெட்டல். கல் ஒன்றேகால் அடி உள்ளே இறங்கியிருக்கிறது. வாங்கிய இரண்டு மூடை சீமெந்தில் அரை மூடை மிஞ்சியது. சாயங்காலத் தூறலுக்குப் பொலித்தீன் பிடித்து நின்ற பிள்ளைகள் இல்லாவிட்டால் மேல் சீமெந்து கழுவிக்கொண்டு போயிருக்கும். ஏழு நாளும் ஈரச் சாக்கை மாற்றிப் போட்ட அக்காமார் பெரட்டுக்கு (காலை வேலைக் கணக்கெடுப்புக்கு) போகும் முன்பே அதைச் செய்துவிட்டுப் போனார்கள்.

சமைத்தவர்கள், ரொட்டி தட்டியவர்கள், தப்பு அடித்தவர்கள், பள்ளிக்கூடத்துக் கதிரைகளை அனுப்பியவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கே கைகூப்பிச் சொன்னோம், இங்கே ஒரு தரம் கூட.

கணக்கு கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறது. மிச்சக் காசில் ஒரு சிறிய விளக்குக் கல் தனியாக வைத்தாயிற்று, நினைவுக்கல்லுக்கு ஓரடி முன்னால். விளக்கும் சூடமும் அங்கே மட்டும். எண்ணெய் ஒழுகினால் கருங்கல் குடித்துவிடும், கறை போகாது. பாசி கல்லின் பின்பக்கம்தான் முதலில் பிடிக்கும். வருஷத்துக்கு இரண்டு தரம் வெறும் தண்ணீரும் மெதுவான நார்ப் பிரஷும் போதும். பிளீச்சிங் தூள், கம்பிப் பிரஷ் வேண்டாம், எழுத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். மேலே கவிந்திருக்கும் கொய்யாக் கிளையை வெட்டிவிட்டால் வெயில் படும், பாசியும் குறையும். வாளியும் பிரஷும் மடப்பள்ளியில் இருக்கின்றன. பூசாரி ஐயாவிடம் கேட்டால் எடுத்துத் தருவார்.

நன்றியுடன்,
நினைவுக்கல் வேலையில் நின்றவர்கள்
பொகவந்தலாவை