சனிக்கிழமை இரவுப் படம்: வருமுன் படித்துவிடுங்கள்

நண்பர்களே, வணக்கம். வரும் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு எங்கள் வீட்டில் ‘ஹெரிடிட்டரி’ என்ற ஆங்கிலத் திகில் படம் பார்க்கிறோம். இயக்குநர் ஆரி ஆஸ்டரின் முதல் முழுநீளப் படம். 2018-இல் வந்தது, 127 நிமிடம்.

வெளியானபோது பழைய புகழ்பெற்ற பேய்ப்படத்தோடு ஒப்பிட்டு ‘இந்தத் தலைமுறையின் எக்ஸார்சிஸ்ட்’ என்றெல்லாம் புகழ்ந்தார்கள். ஆனால் அமெரிக்காவில் முதல் நாள் பார்த்த ரசிகர்களிடம் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் கிடைத்தது ‘டி பிளஸ்’ என்ற தாழ்ந்த மதிப்பெண் மட்டுமே. திடுக்கிட வைக்கும் பேய்ப்படம் என்று நம்பிப் போனவர்களுக்கு ஒரு குடும்பத்தின் துக்கம் காத்திருந்தது. எனக்கு இது மிகச் சிறந்த படம். டோனி கோலெட் தாயாக அழும் அழுகை இரண்டு நாள் என் காதை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். சாலையில் ஒரு சிறுமியின் கொடூரமான மரணம், தீயில் எரிதல், உடல் சிதைவு எல்லாம் காட்டப்படுகின்றன. அண்மையில் வீட்டில் யாரையாவது இழந்தவர்கள் தயவுசெய்து இந்த வாரம் வர வேண்டாம். காரணம் கேட்க மாட்டேன், யாரும் கேட்கவும் கூடாது. குழந்தைகளை அழைத்து வராதீர்கள்.

நடுவில் எழுந்து போக நினைப்பவர்கள் தாராளமாகப் போகலாம். பின்னறையில் விளக்கு எரியும், தேநீர் இருக்கும். பயந்தவர் முகத்தை யாரும் கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். இதில் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன்.

படம் முடிந்ததும் உடனே கலைய வேண்டாம், சற்று நேரம் பேசியிருப்போம். தனியாக வண்டியில் திரும்புபவர்கள் இரவு இங்கேயே தங்கலாம், பாய் தலையணை இருக்கிறது. வருபவர்கள் வியாழனுக்குள் தெரிவியுங்கள்.