அல்காப்டோனூரியா நோயாளிகளின் முதுகு, மூட்டு சிகிச்சைக்கு வழி செய்யக் கோரி மனு

அனுப்புநர்:
பீடித் தொழிலாளி ஒருவர், அம்பாசமுத்திரம் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: பரம்பரை வளர்சிதை மாற்றக் குறைபாட்டால் மூட்டு இறுகிப்போனவர்களுக்குப் பரிசோதனை, சிகிச்சை, மருந்து வேண்டுதல் - தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எனக்கு வயது 46. எனக்கும் என் அண்ணனுக்கும் அல்காப்டோனூரியா இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். வெளியே தெரியாமல் இருவரிடமும் இருந்த குறை எங்களுக்கு நோயாக வந்துவிட்டது. அவர்கள்மீது எந்தத் தப்பும் இல்லை.

சாப்பாட்டிலுள்ள புரதத்தைச் செரித்து முடிக்க வேண்டிய ஒரு நொதி எங்கள் உடம்பில் வேலை செய்வதில்லை. அதனால் ஹோமோஜென்டிசிக் அமிலம் தேங்குகிறது. சிறுநீரில் போனதுபோக மிச்சம் வருடக்கணக்கில் குருத்தெலும்பில் படிந்து, அதைக் கறுக்க வைத்து நொறுங்கச் செய்கிறது. பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல் முதுகுத்தண்டு பிடிக்கும். அப்புறம் முழங்கால், இடுப்பு, தோள். கொத்தனார் வேலை பார்த்த அண்ணனுக்குச் சாரத்திலிருந்து இறங்கும்போது குதிகால் நாண் அறுந்தது.

கைக்குழந்தையில் எங்கள் துணியில் பட்ட சிறுநீர்க் கறை, சோப்புப் போட்டதும் இன்னும் கறுக்கும் என்று அம்மா சொல்வாள். அதை நோயென்று யாரும் நினைக்கவில்லை. பிறகு எனக்கு முதுகு வலித்தபோது, மடியில் சுளகை வைத்துக் குனிந்தே பீடி சுற்றுவதால் வருகிறது என்றார்கள். தேய்மானம் என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் ஒரு இளம் டாக்டர் எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் வரிசையாகச் சுண்ணாம்பு படிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, என் காது மடலைத் தூக்கிப் பார்த்தார். அது நீலம் பாய்ந்திருந்தது. சிறுநீர் நிறத்தைக் கேட்டார். அதுவரை அதை யாரும் கேட்கவில்லை ஐயா.

என்னைப் போல் தேய்மானம் என்ற பெயரில் இன்னும் சிலர் இருக்கக்கூடும். ஆகவே திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த அமிலத்தைக் கண்டறியும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு, அங்கே வசதி இல்லையென்றால் மாதிரியை வெளியே அனுப்பவாவது, ஏற்பாடு வேண்டும். கிராம சுகாதார செவிலியர்களுக்கும் இந்தத் துணிக் கறையைப் பற்றிச் சொல்லிவைத்தால், குழந்தையிலேயே தெரிந்துவிடும்.

இந்த நோயில் இதய வால்வு சுருங்கலாம், சிறுநீரகத்தில் கல் வரலாம். எலும்பு, இதயம், சிறுநீரகம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முறை செய்தால் பெரிய உதவி. முதுகு வளையாத ஆளுக்கு அம்பையிலிருந்து பஸ்ஸில் வந்து போவதே ஒரு பாடு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவர் எங்கள் வீடுகளுக்கும் வர வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றுக்கு முதுகு, இடுப்பு, முழங்கால் எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பிட வேண்டும்.

நிட்டிசினோன் என்ற மருந்து இந்த அமிலத்தைப் பெருமளவு குறைக்கிறது. ஐரோப்பாவில் 2020இல் இந்நோயுள்ள பெரியவர்களுக்கு அதை அனுமதித்துவிட்டார்கள். அதைச் சாப்பிட்டால் இரத்தத்தில் டைரோசின் என்ற புரதக்கூறு கூடும், கண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தெரியும். எங்கள் கைக்காசில் வாங்கக் கட்டுப்படியாகாது. மருத்துவர் மேற்பார்வையில் அரசே இதை வழங்கும்படி சுகாதாரத் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறேன். எங்களுக்குக் கறுத்த குருத்தெலும்பு இனி வெளுக்காது. ஆனால் மூட்டு இன்னும் கெடாத இளையவர்களுக்காவது இது நேரத்தோடு கிடைக்க வேண்டும்.

மருத்துவச் சீட்டு, எக்ஸ்ரே நகல்கள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)