சீனி வருத்தமும் ஊர் வாயும்

ஆசிரியருக்கு,

போரில் கால் இழந்தவர்கள் செயற்கைக் காலுடன் தோட்டம் செய்வதை வன்னியில் யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. ஆனால் சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், சிறுநீரகம் செயலிழந்து, காலும் எடுக்கப்பட்டவர் விறாந்தையைத் தாண்டவே கூசுகிறார். வாயைக் கட்டாமல் தேடிக்கொண்ட வருத்தம் என்று ஊர் சொல்கிறதே! ஆனால் நீரிழிவு பல ஆண்டுகள் வெளியே தெரியாமலே சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயலிசிஸ் என்ற இரத்தச் சுத்திகரிப்பு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 மணி நேரம். இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும், சரி. இனி இதுதான் என் உடம்பு என்று மனம் ஏற்க யார் துணை? சிகிச்சைப் பிரிவுகளுக்கு உளவளத்துணையாளர்களை நியமியுங்கள். அந்த 4 மணி நேரத்திலேயே பேசலாம். வீட்டாரையும் கூப்பிட வேண்டும். பத்தியத்தைச் சொல்லி அதிகம் ஏசுவது அவர்கள்தான்.

வாசகர்,
கிளிநொச்சி