மருத்துவக் காப்பீடு இருப்பவர்களுக்கு வண்டி பாலிசியில் விபத்துக் காப்பு எதற்கு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இந்த மடல் எதற்கு என்பது உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். கோத்தகிரியில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் செய்தி எனக்கும் வந்து சேர்ந்தது. “மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களிடமும் வண்டி பாலிசியில் விபத்துக் காப்பு என்று தனியாகச் சில நூறு ரூபாய் வாங்குகிறார்கள். டெக்சாஸில் இருக்கும் என் மகன் அதை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டான். இங்கே மட்டும் ஏன் திணிக்கிறார்கள்? கமிஷனுக்குத்தானே?” இதுதான் அதன் சாரம். எழுதியவர் நம் பழைய வாடிக்கையாளர், மரியாதைக்குரியவர். அவர் மகன் சொன்னதில் பொய்யும் இல்லை.

டெக்சாஸில் வாகனக் காப்பீட்டோடு காயத்துக்கான காப்பு ஒன்றைக் கம்பெனி கொடுக்க முன்வர வேண்டும் என்பது சட்டம். வேண்டாதவர் எழுத்தில் மறுத்துவிடலாம். அது முதன்மையாக ஆஸ்பத்திரிச் செலவுக்கானது. ஆகவே நல்ல மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர் அதை விடுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளத்தில் ஒரு பகுதியையும் அது தரும். உடன் வந்தவர்களின் சிகிச்சைக்கும் உதவும். எனவே அங்கேயே அது யோசித்து எடுக்க வேண்டிய முடிவுதான். அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான புளோரிடாவிலோ இதே போன்ற 10,000 டாலர் காப்பு கட்டாயம்.

நம் பாலிசியில் இருக்கும் விபத்துக் காப்பு வேறு. அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. வண்டியின் உரிமையாளர் தானே ஓட்டிச் செல்லும்போது விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம். இரண்டு கைகால்களோ இரு கண் பார்வையோ போனால் அதே 15 லட்சம். ஒரு கையோ காலோ கண்ணோ போனால் அதில் பாதி. மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டும். ஆள் திரும்பி வராவிட்டால் வீட்டுக்கு அது எதுவும் தராது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று சொல்ல இரண்டும் ஒரே சரக்கு அல்ல.

“தேர்ட் பார்ட்டி எடுத்திருக்கிறோமே” என்று கேட்பவர்களும் உண்டு. அது நம் வண்டியால் மற்றவர்களுக்கு, அதாவது மூன்றாம் நபருக்கு, ஏற்படும் இழப்புக்கானது. கட்டபெட்டுப் பக்கம் மூடுபனியில் காட்டெருமை குறுக்கே வருகிறது. நீங்கள் வண்டியை ஒடித்துத் திருப்புகிறீர்கள். அது தேயிலைச் சரிவில் உருள்கிறது. எதிரே வேறு வண்டி இல்லை. இழப்பீடு கேட்டு யார் மீது வழக்குப் போடுவது? உங்கள் வண்டிக்கு நீங்கள் மூன்றாம் நபர் ஆக மாட்டீர்கள். 2020இல் ராம்கிலாடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் போனவர் விபத்தில் இறந்துவிட்டார். அந்த வண்டியின் காப்பீட்டுக் கம்பெனியிடம் குடும்பம் இழப்பீடு கேட்டது. இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவர், ஆகவே மூன்றாம் நபர் அல்ல. பாலிசியில் விபத்துக் காப்பாக எழுதியிருந்த 1 லட்சம் மட்டுமே கிடைக்கும் என்றது நீதிமன்றம். அந்த 1 லட்சம் போதாது, 15 லட்சம் ஆக்குங்கள் என்று 2017இல் சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான். 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. எனவே இந்தக் காப்பைக் கண்டுபிடித்தவன் நான் அல்ல.

இப்போது கமிஷன் விஷயம். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், இந்த ஒரு சொல்தான் உறுத்துகிறது. அந்தத் தொகை நேராகக் கம்பெனிக்குப் போகிறது. பாலிசித் தாளில் தனியாகவே அச்சாகியிருக்கிறது. மறைத்துப் பிடிக்க நினைப்பவன் அச்சடித்துக் கையில் கொடுப்பானா? சில நூறு ரூபாயில் எனக்கு நிற்பது கால் கிலோ வர்க்கிக்குக்கூடக் காணாது. அதையும் விடுங்கள். 2019 ஜனவரி முதல் இந்தக் காப்பைத் தனி பாலிசியாகவும் எடுக்கலாம்; ஒருவரிடம் எத்தனை வண்டி இருந்தாலும் ஒன்று போதும். கார், பிக்கப், ஸ்கூட்டர் என்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு வண்டியில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். கமிஷனுக்கு ஆசைப்பட்டவன் மூன்றிலும் எழுதியிருப்பான். சந்தேகம் இருந்தால் உங்கள் பழைய பாலிசிகளை எடுத்துப் பாருங்கள். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று ஆகிவிட்டதே என்பதுதான் வருத்தம்.

15 லட்சத்துக்குக் குறையாத விபத்துக் காப்பு பாலிசி ஏற்கெனவே இருந்தால் இது தேவையில்லை. ஒரு உறுதிமொழியில் கையெழுத்திட்டால் நீக்கிவிடுவோம். வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் 2 லட்சம்தான், அதைக் காட்டி நீக்க முடியாது. கம்பெனி பெயரில் உள்ள வண்டிகளுக்கு இந்தக் காப்பே கிடையாது. சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள் அவருக்காக 50 ரூபாய் பிரீமியத்தில் எடுக்கும் காப்பைத் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள். 15 லட்சம் உரிமையாளருக்குத்தான், டிரைவருக்கு இல்லை.

மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி எடுத்துவிட்டார்களே என்றும் கேட்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு வரி இல்லை என்பது சரி. கார், ஸ்கூட்டர் போன்ற சொந்த வண்டிகளின் தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கும் சேதக் காப்பு பிரீமியத்துக்கும் 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. அதுவும் என் கைக்கு வருவதில்லை.

செய்தி பரவிய பிறகும் வழக்கம்போல வந்து, டீ குடித்து, புதுப்பித்துப் போனவர்களுக்கு என் நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 2009 நவம்பர் மண்சரிவில் சாலை துண்டித்துக் கிடந்தபோது ஹட்டியிலிருந்து, அதாவது தங்கள் மலைக் கிராமத்திலிருந்து, நடந்தே வந்து பிரீமியம் கட்டியவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். பசுந்தேயிலை விலை விழுந்த ஆண்டுகளிலும் எங்களைத் தேடி வந்தீர்கள். அதை இந்த அலுவலகம் மறக்காது.

நம் அலுவலகத்தில் போன் எடுக்கும் தங்கை திருமணமாகிக் கோவை போய்விட்டார். அதனால் அடுத்த மாதம் முதல் பாலிசி முடியும் தேதியை நினைவூட்டும் போன் வராது; தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விபத்துக் காப்பு பாலிசி தனியாக வைத்திருப்பவர்கள் புதுப்பிக்க வரும்போது அதையும் கொண்டு வரவும். ஜெராக்ஸ் இங்கேயே எடுத்துத் தருகிறோம். அதற்குக் காசு வாங்குவதில்லை.

இப்படிக்கு,
உரிமையாளர்,
வாகனக் காப்பீட்டு அலுவலகம், கோத்தகிரி