தோற்ற மேட்ச் முடிந்து வேனில் ஏறும் முன்: கோச் சார்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளிலும் அகாடமிகளிலும் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் கோச் சார்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பையனுக்கு அப்பா, அவ்வளவுதான் என் தகுதி. லைசென்ஸ் எதுவும் கிடையாது, ஆஃப்சைடு விஷயத்தில்கூட பாதி நேரம் என் பையன்தான் என்னைத் திருத்துகிறான். விடிவதற்கு முன்னால் பிள்ளையை கிரவுண்டில் இறக்கிவிட்டு எதிர் டீக்கடையில் பேப்பர் புரட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் வாங்கும் சம்பளம் என்ன, வெயிலில் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப்பைக்கூட சொந்தக் காசில் வாங்குகிறீர்கள் என்பதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு டோர்னமென்ட், 14 வயதுக்கு உட்பட்டோர். எந்த ஊர், யார் கோச் என்பது வேண்டாம், ஏனென்றால் அதே காட்சியை வேறு கிரவுண்டுகளிலும் பார்த்துவிட்டேன். கால் இறுதி, 1-1, பெனால்டி ஷூட்-அவுட். விசில் அடித்ததும் கோச் பையன்களைக் கூட்டி "யார்டா அடிக்கிறீங்க?" என்று கேட்டார். மூன்று பேர் உடனே கை தூக்கினார்கள், நான்காவது ஆள் யோசித்துத் தூக்கினான், ஐந்தாவதுக்கு யாரும் இல்லை, எல்லோரும் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைசியில் நடுவில் ஆடும் ஒரு சின்னப் பையன், அணியிலேயே குள்ளமானவன், "நான் அடிக்கிறேன் சார்" என்றான். அவன் அடித்த பந்து பாருக்கு மேலே போனது. தோற்றாயிற்று. அப்போது கோச் எல்லா அப்பா அம்மா முன்னாலும் அவனிடம் கேட்ட கேள்வி: "உன்னை யாருடா கை தூக்கச் சொன்னது?"

திரும்பும் வேனில் அவன் பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தான். பக்கத்து இடம் காலி. என் பையன் அவனோடு ஒரே வகுப்பு, தினமும் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடுகிறவன், அவனும் போய் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து ஏன்டா என்று கேட்டேன். "சார் கோவமா இருக்காருப்பா" என்றான்.

அன்றிலிருந்து எனக்கு 1996-ம் 2021-ம் மாறி மாறி ஞாபகம் வந்துகொண்டிருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

1996 ஜூன் 26, லண்டன் வெம்ப்ளி, யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) அரையிறுதி. இங்கிலாந்து, ஜெர்மனி, 1-1. ஷூட்-அவுட்டில் இரண்டு அணியிலும் முதல் ஐந்து பேரும் கோல் போட்டுவிட்டார்கள். ஆறாவது ஆள் வேண்டும். முன்வந்தவர் காரெத் சவுத்கேட், 25 வயது டிஃபெண்டர். பெனால்டி அடிப்பது அவர் வேலையே இல்லை. அதற்கு முன் கிளப் மேட்ச் ஒன்றில் ஒரே ஒரு பெனால்டி அடித்திருந்தார், அதுவும் போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. சொந்த நாட்டில் நடக்கும் அரையிறுதியில் யாராவது ஒருவர் அடிக்கத்தானே வேண்டும் என்று கை தூக்கினார். ஜெர்மனி கோல்கீப்பர் கோப்கே தடுத்துவிட்டார், அடுத்து அவர்கள் அணியின் மோலர் அடித்த பந்து வலைக்குள் போனது, இங்கிலாந்து வெளியே. ஏன்டா ஓங்கி ஒரு உதை விட்டிருக்கக்கூடாதா என்று அவர் அம்மாவே கேட்டாராம். பிறகு ஒரு பீட்சா விளம்பரத்தில் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு வந்து தன்னையே கிண்டல் செய்துகொண்டார். சிரித்துக்கொண்டே செய்தார், ஆனால் ஒரு மனிதன் 25 வயதில் செய்த ஒரு காரியத்தை ஊர் எவ்வளவு காலம் பேசும் என்பதற்கு அந்தப் பையே சாட்சி.

இப்போது 2021 ஜூலை 11-க்கு வாருங்கள். அதே வெம்ப்ளி, யூரோ இறுதி, எதிரே இத்தாலி. சவுத்கேட் அப்போது இங்கிலாந்தின் கோச். இரண்டாவது நிமிடத்திலேயே இங்கிலாந்தின் லூக் ஷா கோல், 67-வது நிமிடத்தில் இத்தாலியின் போனுச்சி சமன் செய்கிறார், 120 நிமிடமும் ஓடி 1-1. 1966-க்குப் பிறகு இங்கிலாந்து ஆண்கள் அணி பெரிய கோப்பை எதையும் தொட்டதில்லை, நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூடுதல் நேரம் முடியப்போகிற கடைசி நிமிடத்தில் சவுத்கேட், பெனால்டிக்கென்றே ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் உள்ளே இறக்கினார். ஐந்தாவது பெனால்டி புகாயோ சாக்காவுக்கு, வயது 19. ராஷ்ஃபோர்டு அடித்தது போஸ்ட்டில் பட்டது, சாஞ்சோவையும் சாக்காவையும் இத்தாலி கோல்கீப்பர் டொன்னாரும்மா தடுத்தார். இங்கிலாந்து கோல்கீப்பர் பிக்ஃபோர்டு இரண்டைத் தடுத்தும் போதவில்லை. 3-2, கோப்பை இத்தாலிக்கு.

மேட்ச் முடிந்த கையோடு சவுத்கேட் சொன்னதை மட்டும் கவனியுங்கள். யார் அடிப்பது என்று முடிவு செய்தது நான்தான், பயிற்சியில் அவர்கள் அடித்ததைப் பார்த்து வரிசை போட்டது நான்தான், சாக்காவுக்கு அந்த ஐந்தாவதைக் கொடுத்தது என் முடிவு, இதில் யாரும் தனியாள் கிடையாது என்றார். "தோல்விக்கு நான் பொறுப்பேற்கிறேன்" என்று பொத்தாம் பொதுவாக ஒரு வரி சொல்லிவிட்டுப் போகவில்லை. எந்த முடிவு, யாரைப் பற்றிய முடிவு, எதை வைத்து எடுத்தது என்று பெயர் சொல்லி எடுத்து வைத்தார். பொதுவாகச் சொல்லும் பொறுப்பு அரசியல்வாதி சொல்லும் வருத்தம் மாதிரி, யார் தலையிலிருந்தும் எதையும் இறக்கிவைக்காது. இது அப்படி இல்லை, ஒரு 19 வயசுப் பையன் தலையில் இருந்த மூட்டையைக் கையில் வாங்கிக்கொண்ட மாதிரி.

இதில் இன்னொரு நன்மையும் நடந்தது, பலர் கவனிக்கவில்லை. சின்னப் பையன் சாக்காவை அடிக்க விட்டுவிட்டு ஸ்டெர்லிங், கிரீலிஷ் மாதிரி மூத்தவர்கள் ஒதுங்கி நின்றார்களே என்று முன்னாள் வீரர் ராய் கீன் டிவியில் சாடினார். நான் அடிக்கிறேன் என்று கேட்டேன், முடிவு கோச்சுடையது என்று கிரீலிஷ் பதில் சொன்னார். கோச் ஏற்கெனவே அதைச் சொல்லியிருந்ததால் அந்தப் பேச்சு அத்தோடு அடங்கியது. இல்லையென்றால் வீரர்கள் ஒருவரை ஒருவர் நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் சவுத்கேட் பக்தன் இல்லை. அந்த முடிவு தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பந்தைச் சரியாகத் தொடக்கூட நேரம் கொடுக்காமல் இரண்டு பேரைக் குளிர்ந்த காலோடு அனுப்பியது, ஐந்தாவதை அனுபவம் குறைந்தவனிடம் கொடுத்தது, ஒரு கோல் முன்னிலை வந்ததும் அணி பின்வாங்கிக்கொண்டே போனது, எல்லாவற்றுக்கும் அவரைத் திட்டலாம். திட்டினார்கள். ஆனால் திட்டவேண்டிய முகவரியை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். பொறுப்பேற்பது என்றால் மன்னிப்பு கிடைக்கும் என்று அர்த்தம் இல்லையே, கேள்விகள் சரியான ஆளிடம் போகும், அவ்வளவுதான்.

அந்த மூன்று பேரும் கறுப்பினத்தவர்கள் என்பதால் அன்றிரவே இணையத்தில் அவர்கள் மீது கொட்டிய இனவெறி வசவு உங்களுக்குத் தெரியும். மான்செஸ்டரில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தைச் சேதப்படுத்தினார்கள், பிறகு ஊர் மக்கள் வந்து அந்தச் சுவர் முழுக்க அன்புச் சீட்டுகளை ஒட்டி மூடினார்கள். சவுத்கேட் மறுநாள் அந்த வசவுகளை மன்னிக்க முடியாதவை என்று வெளிப்படையாகச் சொன்னார். கோச் ஒருவர் வாயைத் திறந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று சொல்லவில்லை, நிற்கவில்லை. ஆனால் யாருமே வாயைத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலைப் பாருங்கள்.

1950 ஜூலை 16, மரக்கானா. டிரா செய்தாலே பிரேசிலுக்கு உலகக் கோப்பை. ஃப்ரியாசா கோல் போட்டு முன்னிலையும் வந்துவிட்டது. உருகுவேயின் ஸ்கியாஃபினோ சமன் செய்தார், 79-வது நிமிடத்தில் கிக்கியா அடித்த பந்து கோல்கீப்பர் பார்போசாவுக்கும் அவர் பக்கத்துப் போஸ்ட்டுக்கும் நடுவே புகுந்தது. 2-1. பழி முழுக்க பார்போசா மேலும், அவரைப் போலவே கறுப்பினத்தவர்களான டிஃபெண்டர்கள் பிகோடே, ஜுவெனால் மேலும் விழுந்தது. பிரேசில் அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக்கூட விட்டொழித்து மஞ்சளுக்கு மாறியது, ஆனால் பார்போசாவை மட்டும் விடவில்லை. 2000-ல் அவர் இறந்தார். பிரேசிலில் எந்தக் குற்றத்துக்கும் அதிகபட்சத் தண்டனை 30 வருஷம், நான் செய்யாத குற்றத்துக்கு 50 வருஷமாக அனுபவிக்கிறேன் என்று அவர் சொன்னது அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வாசகம். சரி, அன்றைக்கு அந்த அணியின் கோச் யார்? ஃபிளாவியோ கோஸ்டா. உங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

அதே நாட்டில் 2014 ஜூலை 8, பெலோ ஹொரிசோன்ச்சியில் ஜெர்மனியிடம் 7-1. ஆறே நிமிடத்தில் நான்கு கோல், அரை மணி நேரத்துக்குள் 5-0. நெய்மார் முதுகெலும்பு உடைந்து வெளியே, தியாகோ சில்வா மஞ்சள் அட்டைகளால் வெளியே, சாக்குச் சொல்ல வேண்டுமானால் கைநிறைய இருந்தது. ஆனாலும் அன்றிரவு பிரேசில் கோச் ஸ்கொலாரி, ஆட்களைத் தேர்ந்தெடுத்ததும் வியூகம் வகுத்ததும் நான்தான், பொறுப்பு என்னுடையது என்றார். அதுவரை சரி. மறுநாள் செய்தியாளர் சந்திப்பில் அவரும் உதவியாளர்களும் உட்கார்ந்து, எங்கள் வேலையெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, அந்த ஆறு நிமிடம்தான் ஏதோ ஆகிவிட்டது என்று விளக்கினார்கள். உதவியாளர் பரெய்ரா ஒரு ரசிகை எழுதிய ஆறுதல் கடிதத்தை எடுத்துப் படித்தே காட்டினார். முந்தின இரவு வாங்கிக்கொண்ட பொறுப்பை மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஏழு கோல் வாங்கியவர்கள் ஒரு வாரமாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

(கலாம் சொன்ன கதை ஞாபகம் வருகிறதா? 1979-ல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்த அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்தது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன், அடுத்த ஆண்டு ஜெயித்த அன்று கலாமைப் பேச அனுப்பிவிட்டார். பள்ளி ஆண்டு விழாவில் வருஷா வருஷம் இந்தக் கதையைச் சொல்கிறோம். அடுத்த வாரம் அதே பள்ளி கிரவுண்டில் "உன்னாலதான்டா போச்சு" என்கிறோம்.)

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நாக்-அவுட் மேட்ச்சுக்கு முந்தின நாளே யார் யார் பெனால்டி அடிப்பது என்று நீங்களே ஒரு தாளில் எழுதி வையுங்கள். களைத்துப்போய் நிற்கும் 13 வயதுப் பிள்ளைகளிடம் கை தூக்கு என்று கேட்காதீர்கள், அது முடிவெடுக்கும் வேலையை அவர்களிடம் தள்ளிவிடுவது. 1996-ல் கை தூக்கிய ஆள்தான் 2021-ல் கோச்சாக நின்று, யாரையும் கை தூக்கச் சொல்லாமல் பட்டியலைத் தானே போட்டார். காரணம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தோற்றால் வேனில் ஏறுவதற்கு முன், பெற்றோர்கள் காதிலும் விழும்படி, பட்டியல் போட்டது நான்தான் என்று ஒரு தடவை சொல்லுங்கள். பையன் செய்த தப்பைச் சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், செவ்வாய்க்கிழமை பயிற்சியில், ஊன்றுகாலை எங்கே வைத்தான், உடம்பை ஏன் பின்னால் சாய்த்தான் என்று காட்டி, பத்துப் பந்து வைத்து அடிக்கச் சொல்லுங்கள். சாக்காவை சவுத்கேட் ஒளித்து வைக்கவில்லை. 2024 யூரோ கால் இறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக மறுபடி ஷூட்-அவுட் வந்தபோது அடிக்கப் போன ஐந்து பேரில் சாக்காவும் உண்டு. கோல் போட்டார். ஐந்து பேரும் போட்டார்கள்.

எங்களையும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கால் இறுதி அன்று டச்லைனில் நின்ற ஒரு அப்பா "அந்தக் குள்ளனை ஏன் அடிக்க விட்டாங்க?" என்று சத்தமாகச் சொன்னார். அந்த அப்பா நான்தான். பையன் காதில் விழுந்திருக்கும், பத்தடி தூரம்கூட இருக்காது. போன ஞாயிற்றுக்கிழமை அவனிடம் போய், அன்றைக்கு நான் பேசினது தப்புடா தம்பி என்றேன். "பரவால்ல அங்கிள்" என்று சொல்லிவிட்டு கோன் எடுத்து வைக்க ஓடிவிட்டான்.

இப்போதும் பயிற்சிக்கு வருகிறான். யார் பெனால்டி அடிக்கிறீங்க என்று கேட்டால் ஷூ லேஸைப் பார்க்கிறான். அடுத்த டோர்னமென்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, சார்.

இப்படிக்கு,
எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அப்பா