கிராக்கோவில் செருப்புத் தைத்துக் கொடுத்த அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

போலந்தில் அது எங்களுக்குக் கடைசி நாள். இரவுதான் விமானம். உப்புச் சுரங்கம் வேண்டாம், பழைய நகரத்திலேயே சும்மா சுற்றுவோம் என்றாள் என் மனைவி. சரி என்றேன். அறையைக் காலி செய்த பிறகும் மாலைவரை பெட்டிகளை வைத்துக்கொண்ட விடுதிப் பெண்ணுக்கு முதல் நன்றி.

ஒப்வாஜானெக் வண்டிக்காரம்மா, உங்களிடம் கடன்பட்டோம். கசகசா தூவிய முறுக்கு ரொட்டி இரண்டு கேட்டு நூறு ஸ்லாட்டி நோட்டை நீட்டினால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள்? அப்புறம் கொடுங்கள் என்று கையைக் காட்டினீர்கள். மத்தியானம் வந்து கொடுத்துவிட்டோம், நினைவிருக்கும்.

சந்தைச் சதுக்கத்தின் நடுவில் இவள் செருப்பு வார் அறுந்தது. 1257இல் அளந்து போட்ட சதுக்கம், பக்கத்துக்கு இருநூறு மீட்டர். நொண்டிக்கொண்டு நடந்தால்தான் அந்த இருநூறு மீட்டர் எவ்வளவு என்று தெரிகிறது. துணி மண்டபத்துக்குள் அம்பர் மாலை விற்ற அம்மா, நாங்கள் எதுவும் கேட்கவில்லை. காலைப் பார்த்தீர்கள், மாலை கோக்கும் நூலையும் ஊசியையும் எடுத்தீர்கள். ஊசி தோலில் இறங்கவில்லை. மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நான்கு தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தீர்கள். காசும் வாங்கவில்லை. மாலை வாங்காமல் வந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அந்தத் தையலால்தான் மரியாள் தேவாலயத்தில் பலிபீடக் கதவுகள் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பலிபீடம் சிற்பி வைட் ஸ்டோஸ் 1477 முதல் 1489 வரை செதுக்கியது. போரில் நாஜிகள் கொண்டுபோய், 1946இல் திரும்பி வந்தது. பெரிய சிற்பங்கள் ஆளைவிட உயரம். ஒரு கிழவரின் புறங்கையில் நரம்பு புடைத்திருந்தது. என் அப்பாவின் கை அப்படித்தான் இருக்கும்.

வெளியே பெஞ்சில் இடம்விட்ட பெரியவரே, கோபுரத்து எக்காளம் ஏன் பாதியில் நிற்கிறது என்று நீங்கள் சொல்லாவிட்டால் வாசித்தவருக்கு மூச்சு முட்டிவிட்டது என்றே நினைத்திருப்போம். தாத்தாரியர், அதாவது மங்கோலியர், படையெடுப்பில் காவலன் தொண்டையில் அம்பு பாய்ந்த கதை. நிஜமா என்றதற்குச் சிரித்தீர்கள். மணிக்கொரு முறை, நான்கு திசைக்கும், வாசிப்பவர் தீயணைப்பு வீரர் என்றும் சொன்னீர்கள். நீங்கள் சொன்னபடியே கையசைத்தோம். மேலிருந்து அவரும் அசைத்தார். அவருக்கும் நன்றி.

வார் இன்னும் விடவில்லை. மஞ்சள் நூல் மட்டும் கறுத்துவிட்டது.